குளோவர் ஊட்டிக்கு, அருகும் கொள்ளும் பெங்களூருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வந்த வீட்டுத்தோட்டக் கட்டுரை, பெங்களூரில் வீட்டைச் சுற்றிப் புல் வளர்ப்பவர்கள் அதைக் கைவிட்டு வெள்ளை குளோவர் விதையைத் தூவிவிட்டால் தண்ணீரும் மிச்சம், உரமும் மிச்சம், வெட்டும் கூலியும் மிச்சம் என்று பரிந்துரைத்திருந்தது. குடிக்கும் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றக் கூடாது என்ற கட்டுரையாளரின் கவலை நியாயமானது. கடையில் விற்கும் புல் பாளங்களை வாங்கிப் பதிக்காமல் விதையிலிருந்தே தரையைப் பசுமையாக்கலாம் என்று அவர் சொன்னதும் சரியே. ஆனால் அவர் கைகாட்டிய விதை இந்த ஊருக்கு ஏற்றதன்று. விதைப் பரிசோதனைக் கூடமொன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான், இப்போது ஆர்.டி. நகரில் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தோட்டப் பொறுப்பைக் கவனித்து வருகிறேன். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு விதை வாங்கக் கிளம்பியிருக்கும் வாசகர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். கடிதம் சற்று நீண்டால் பொறுத்தருள வேண்டும்.

வெள்ளை குளோவர், ஐரோப்பாவையும் மேற்கு ஆசியாவையும் ஒட்டிய நிலங்களைத் தாயகமாகக் கொண்ட, குளிரும் ஈரமும் விரும்பும் தீவனப் பயிர். 20 முதல் 25 டிகிரி வரையான வெப்பத்தில் அது செழிக்கும். விதையிலிருந்து இறங்கும் முதல் ஆணிவேர் ஓரிரு ஆண்டுகளில் அழிந்துபோக, அதன் பிறகு தரையோடு படரும் தண்டின் கணுக்களிலிருந்து இறங்கும் மேலோட்டமான வேர்களை நம்பியே செடி பிழைத்திருக்கிறது; ஆகவே மேல்மண் காய்ந்தால் முதலில் தலை சாய்வது அதுதான். நம் ஊர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மலைவாசத்தலம் என்ற பழைய பெருமை இன்னும் நம் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். இங்கே ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் சுமார் 970 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி மே மாதத்திலிருந்து அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பெய்வது பெயருக்குத்தான். ஏப்ரலில் வெயில் 34, 35 டிகிரியைத் தொடும்போது குளோவரைக் காப்பாற்ற வேண்டுமானால் குழாயைத் திறந்துதான் ஆகவேண்டும். தண்ணீரை மிச்சப்படுத்துவதற்காக விதைத்த ஒன்று, தண்ணீர் இல்லாத மாதத்தில் தண்ணீர் கேட்டு நிற்கும். ஊட்டியில் இதே செடி யாரும் விதைக்காமலேயே கிக்குயு புல்லோடு கலந்து சாலையோரத்தில் வெள்ளைப் பூப் பூத்துக் கிடப்பதை அங்கே போய்வந்தவர்கள் பார்த்திருக்கலாம்.

குளோவர் புல்தரை மேலைநாடுகளில் மீண்டும் புகழ் பெற்று வருவது உண்மை. அதற்கு அங்கே ஒரு காரணமும் உண்டு. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை புல்தரைக்கான விதைக் கலவையில் குளோவரையும் சேர்த்தே விற்றார்கள். 1940களின் நடுவில் 2,4-டி என்ற களைக்கொல்லி வந்தது. அது புல்லை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லக்கூடியது. குளோவரும் அகன்ற இலைச் செடியே என்பதால் அதுவும் களைப் பட்டியலில் சேர்ந்து, தரையிலிருந்து காணாமல் போயிற்று. இப்போது அவர்கள் தங்கள் பழைய வழக்கத்துக்குத் திரும்புகிறார்கள். நமக்கு அது பழைய வழக்கமும் அன்று, பொருந்தும் வழக்கமும் அன்று.

பெரிய குடியிருப்பு வளாகங்களில் இருப்பவர்கள், குழாய்த் தண்ணீர் எதற்கு, எங்களிடம்தான் சுத்திகரித்த கழிவுநீர் இருக்கிறதே என்று கேட்கக்கூடும். கேள்வி சரிதான். ஆனால் அந்த நீரில் துணி துவைக்கும் தூளிலிருந்தும் தண்ணீரை மென்மையாக்கும் கருவியிலிருந்தும் வந்து சேரும் உப்பு, சுத்திகரிப்புக்குப் பிறகும் தங்கிவிடுகிறது. தீவனப் பயிர்களில் உப்பைத் தாங்கும் திறன் மிகவும் குறைந்தவற்றில் வெள்ளை குளோவரும் ஒன்று. அருகம்புல்லோ உப்பு நீரை நன்றாகவே தாங்கிக்கொள்ளும்.

கட்டுரையில் இருந்த இன்னொரு கூற்று, குளோவர் காற்றிலுள்ள தழைச்சத்தைத் தானே மண்ணில் சேர்த்துக்கொள்ளும், ஆதலால் உரமே வேண்டாம் என்பது. இதில் பாதி மட்டுமே உண்மை. தழைச்சத்தைப் பிடிப்பது செடியன்று; அதன் வேர் முடிச்சுகளுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர். குளோவரும் பயறுக் குடும்பத்துச் செடிதான்; ஆனால் எல்லாப் பயறு வகைகளுக்கும் ஒரே ரைசோபியம் உதவாது; குளோவர் இனத்துக்கென்று தனி வகை இருக்கிறது. குளோவர் வழிவழியாக வளர்ந்த மண்ணில் அது தானாகவே இருக்கும். நம் ஊர்ச் செம்மண்ணில் அதை எதிர்பார்க்க முடியாது. விதையோடு உரிய நுண்ணுயிரைக் கலந்து கொடுக்காவிட்டால் குளோவர் மற்ற எந்தச் செடியையும் போல உரத்துக்குக் கை நீட்டும். இதற்கு மாறாகக் கொள்ளு, காராமணி, பாசிப்பயறு, உளுந்து, நிலக்கடலை, சணப்பு ஆகிய யாவும் ஒரே குழுவைச் சேர்ந்த நுண்ணுயிரோடு உறவாடுபவை. தலைமுறை தலைமுறையாக இவற்றை விதைத்த நிலங்களின்மேல்தான் இன்றைய பெங்களூரின் பல லேஅவுட்டுகள் எழுந்திருக்கின்றன. ஆகவே அந்த நுண்ணுயிர் மண்ணிலேயே காத்திருக்கிறது.

இதை யாரும் தம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தொட்டியிலோ பாத்தியிலோ நாலு காராமணி விதையை ஊன்றி, ஒரு மாதம் கழிந்ததும் பிடுங்காமல், மண்வெட்டியால் வேரோடு மண்கட்டியாக எடுத்து வாளித் தண்ணீரில் மெல்ல அலசுங்கள். வேரில் மிளகளவு, சில இடங்களில் அதைவிடப் பெரிதாக, உருண்டைகள் ஒட்டியிருக்கும். பெரிய உருண்டை ஒன்றை நகத்தால் கீறினால் உட்புறம் இளஞ்சிவப்பாக, நம் உடம்பின் இரத்தத்திலுள்ளதற்கு நெருங்கிய உறவான ஒரு நிறப்பொருளால் சிவந்திருக்கும். சிவப்பாக இருந்தால் தழைச்சத்து வேலை நடக்கிறது என்று பொருள். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இன்னும் முதிரவில்லை, அல்லது முதிர்ந்து ஓய்ந்துவிட்டது. வெறும் கண்ணாலும் கட்டைவிரல் நகத்தாலும் செய்யக்கூடிய இந்தச் சோதனையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டினால் அவர்கள் மறக்கவே மாட்டார்கள். நம் மண்ணில் விதைத்த குளோவரை இதே போல் அலசிப் பார்த்துவிட்டு, உரம் வேண்டாம் என்பதை முடிவு செய்யலாம்.

இனி விதை உறையைப் பற்றிச் சொல்ல வேண்டும்; என் பழைய தொழில் அது என்பதால் இங்கே சற்றுக் கண்டிப்பாகவே பேசுகிறேன். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம், அரசு அறிவிக்கை செய்த பயிர்களின் விதையைக் குறைந்தபட்ச முளைப்புத்திறனும் தூய்மையும் இன்றி விற்கக் கூடாது என்கிறது; பையின்மேல் அவ்விரண்டையும் சோதனை செய்த தேதியையும் குவியல் எண்ணையும் அச்சிட வேண்டும். சான்று பெற்ற விதைக்கு நீல அட்டை, அதைப் பெருக்கப் பயன்படும் ஆதார விதைக்கு வெள்ளை அட்டை என்று நிறத்திலேயே அடையாளம் உண்டு. ஆனால் இணையத்தில் வாங்கும் புல்தரை விதை உறைகளைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் இங்கிலாந்து மாளிகை ஒன்றின் புல்வெளிப் படம் இருக்கும். பின்பக்கம் முளைப்புத்திறன் எத்தனை சதவீதம் என்பதோ, எந்த மாதம் சோதித்தார்கள் என்பதோ, எந்த இனம் என்பதோகூட இருக்காது. வெறுமனே புல் விதை என்று போட்டிருக்கும். என் கைக்கு வந்த உறைகள் சிலவற்றில் இருந்தது பெரும்பாலும் ரை புல் விதை. குளிர்நாட்டுப் புல்லான அது ஒரே வாரத்தில் முளைத்து வாங்கியவரை மகிழ்விக்கும், நவம்பரில் கண்ணைப் பறிக்கும், ஏப்ரலில் வைக்கோலாகிவிடும். அருகைப் போலக் காய்ந்து மீளும் குணம் அதற்கு இல்லை.

குளோவர் விதையில் வேறொரு கணக்கு இருக்கிறது. அது மிக நுண்ணியது. ஒரு கிலோவில் ஏறத்தாழ 15 லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். தூவ வசதியாக இருக்கட்டும் என்று அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு ஏற்றி விற்பார்கள். பூச்சு மட்டுமே மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை இருக்கக்கூடும். பூச்சோடு ரைசோபியத்தையும் சேர்த்திருந்தால் அது பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நுண்ணுயிர் உயிரோடு இருக்க உறை குளிர்ச்சியான இடத்தில் இருந்திருக்க வேண்டும்; கிடங்கிலும் வண்டியிலும் வெயிலில் கிடந்து வந்த உறையில் அது மிஞ்சியிருக்கும் என்று நம்புவதற்கில்லை. கால்நடைத் தீவனக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று குளோவரின் உறவான பெர்சீமையும் குதிரை மசாலையும் வாங்கித் தூவுவோருக்கும் ஓர் எச்சரிக்கை. பெர்சீம் விதையில் காசினிக் களையின் விதையும், குதிரை மசால் விதையில் அம்மையார் கூந்தல் என்ற ஒட்டுண்ணிக் கொடியின் விதையும் கலந்து வருவது விதைப் பரிசோதனைக் கூடங்களுக்குப் பழகிப்போன தலைவலி. காசினியை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு வடித்துவிடலாம். அம்மையார் கூந்தல் தோட்டத்துக்குள் நுழைந்தால், வேலிச் செடியையும் விட்டுவைக்காமல் மஞ்சள் நூலாகப் படர்ந்து உறிஞ்சிவிடும்.

எந்த விதையானாலும் தரையில் போடுமுன் எண்ணி எடுத்த 100 விதைகளை ஈரப் பருத்தித் துணியில் பரப்பிச் சுருட்டி, காயாமல் வைத்திருந்து முளைத்தவற்றை எண்ணுங்கள். பரிசோதனைக் கூடத்தில் 400 விதைகளை வைப்போம். வீட்டுக்கு 100 போதும். கொள்ளும் காராமணியும் நாலைந்து நாளில் விடை சொல்லிவிடும். அருகம்புல்லுக்கு இரண்டு வாரத்துக்கு மேலும் பொறுக்க வேண்டும். பாதிதான் முளைத்தது என்றால் விதையளவை இரட்டிப்பாக்குங்கள். கால்வாசிகூட இல்லையென்றால் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

கட்டுரையாளர் எதைத் தவிர்க்கச் சொன்னாரோ, அந்தப் புல் பாளத்தின் கதைக்கு வருகிறேன். நம் ஊர் நர்சரிகளில் மெக்சிகன் புல் என்றும் கார்பெட் புல் என்றும் சதுர அடிக் கணக்கில் விற்கிறார்களே, அது நகரத்துக்கு வெளியே வயலில் வளர்த்து, மேல்மண்ணோடு சேர்த்துப் பாயாகச் சுருட்டி எடுத்து வருவது. ஒவ்வொரு அறுப்பிலும் அந்த வயல் தன் மேல்மண்ணில் ஒரு படலத்தை இழக்கிறது. நமக்கு வந்து சேரும் மண்ணிலோ கோரைக் கிழங்கும் பார்த்தீனிய விதையும் இலவச இணைப்பு. இவ்வளவுக்கும் பிறகு அது கோடை முழுவதும் தண்ணீர் கேட்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். புல்தரை கோடையிலும் பச்சையாகவே இருக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டராவது தேவை. 1,000 சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, நாளுக்கு 370 லிட்டருக்குக் குறையாது. தலைக்கு 135 லிட்டர் என்ற அரசின் அளவுகோலின்படி, ஏறக்குறைய மூன்று பேர் குடித்துக் குளித்துச் சமைக்கும் தண்ணீர் அது. அந்தத் தண்ணீரோ ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றி நம் வீட்டுக்கு வரும் காவிரி. 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது குடிநீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நாளுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வர வழி பிறந்ததும் நம்மில் பலர் அந்த அறிவிப்பை மறந்துவிட்டார்கள். அந்த ஆற்றுக்காக இரண்டு மாநிலமும் முறைத்துக்கொண்டிருக்க, இங்கே வாழும் தமிழர்களாகிய நாம் அதைப் புல்லுக்கு ஊற்றுவது என் மனத்துக்கு ஒவ்வவில்லை. இது என் சொந்த அபிப்பிராயம்.

நடந்து புழங்கும் தரைக்கு என் சிபாரிசு, நம் அருகம்புல். ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி என்று மணமக்களை வாழ்த்துகிறோம். விநாயகர் சதுர்த்திக்கு கே.ஆர். மார்க்கெட்டில் காசு கொடுத்து அதையே வாங்குகிறோம். வீட்டில் தானாக முளைத்தால் களை என்று பிடுங்கி எறிந்துவிட்டு மெக்சிகன் புல்லுக்கு ஆள் கூப்பிடுகிறோம். வெப்பநாட்டுப் புற்களுக்கே உரிய ஒளிச்சேர்க்கை முறை இதற்கு இருப்பதால், ஒரே அளவு தழை வளர்க்கக் குளோவருக்கு ஆகும் நீரில் பாதியளவே இதற்குப் போதும். அதைவிட முக்கியமானது, கோடையில் தண்ணீரை நிறுத்திவிட்டால் இது பழுப்பாகக் காய்ந்து, தரைக்குக் கீழே ஓடும் தண்டில் உயிரை வைத்துக்கொண்டு, முதல் மழையில் தானே துளிர்த்துவிடும். மார்ச், ஏப்ரலில் தரை பழுப்பாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் மட்டும் நமக்கு வேண்டும்.

விதைக்க ஏற்ற காலம் ஜூன். மே மாத மழையிலேயே நிலத்தை அரையடி ஆழம் கொத்தி, கல்லையும் கோரைக் கிழங்கையும் பொறுக்கிவிட்டு, மட்டப்படுத்தி, அப்படியே விட்டுவிட வேண்டும். மண்ணில் உறங்கும் களை விதைகள் முளைத்து மேலே வரும். அவற்றை ஆழம் போகாமல் மேலாகச் செதுக்கி எறிந்து, முடிந்தால் இன்னொரு முறையும் இப்படியே செய்துவிட்டால் பாதிக் களை அங்கேயே தீர்ந்தது. அவசரக்காரர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்துவிட்டு, பிறகு ஆண்டு முழுதும் குனிந்து களை பிடுங்குகிறார்கள். 100 சதுர அடிக்கு 50 முதல் 100 கிராம் விதை போதும். தோல் நீக்கிய விதையாகக் கேட்டு வாங்குங்கள், தோலோடு உள்ளது முளைக்க மிகவும் தாமதமாகும். கிலோவுக்கு 40 லட்சம் என்ற அளவில் தூசாக இருக்கும் இந்த விதையை அப்படியே வீசினால் ஒரு பக்கம் குவியும், ஒரு பக்கம் மொட்டையாக நிற்கும். நாலைந்து பங்கு உலர்ந்த மணலோடு கலந்து, பாதியை நீளவாக்கிலும் மீதியைக் குறுக்குவாக்கிலும் தூவி, துடைப்பத்தால் லேசாக வருடி, சலித்த மக்கு உரத்தை அரை சென்டிமீட்டருக்கு மிகாமல் மேலே தூவி, ஒரு பலகையைப் போட்டு மிதித்துவிட வேண்டும். மழை இல்லாத நாளில் காலையும் மாலையும் பூவாளியால் நனைத்தால் போதும். குழாயை விரலால் அழுத்திப் பீய்ச்சினால் விதையெல்லாம் ஓடிப்போய் மூலையில் சேர்ந்துகொள்ளும்.

எறும்புகள் ஒரு பெரிய தொல்லை. விதைத்த மறுநாள் காலையில் பார்த்தால், மணல் நிறத்தில் ஒரு கோடு தானே நகர்வது போலத் தோன்றும். அருகில் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு எறும்பும் ஒரு விதையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு போகும். எங்கள் தோட்டக்காரர் இதற்கு மருந்து எதுவும் தெளிப்பதில்லை. புற்று வாயிலேயே ஒரு பிடி நொய்யரிசியைக் கொட்டிவிடுகிறார். எறும்புகள் அதை உள்ளே இழுத்துச் சேர்ப்பதற்குள் விதை முளைவிட்டுவிடும். ஒன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பச்சை தெரியும். புல் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்ததும் முதல் வெட்டு. ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. விதை கிடைக்காவிட்டால் நன்றாக வளர்ந்த இடத்திலிருந்து கணுவுள்ள தண்டுகளை வெட்டிவந்து விரலிடை விட்டு ஊன்றினாலும் மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும்.

அருகில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது அடுத்த பாத்திக்குள் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்துவிடும். ஓரத்தில் செங்கல்லை ஆழமாகப் பதித்தாலும் அவ்வப்போது மண்வெட்டியால் எல்லை கட்ட வேண்டியிருக்கும். மற்றொன்று, நிழலில் அது வராது. இரண்டு அடுக்குமாடிகளுக்கு இடைப்பட்ட சந்திலும் தூங்குமூஞ்சி மரத்தடியிலும் எந்தப் புல்லையும் விதைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே விழும் சருகைக் கூட்டி எரிக்காமல் அப்படியே பரப்பிவிடுங்கள்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது காலி மனைகளைப் பற்றி. எந்த லேஅவுட்டுக்குப் போனாலும் நாலு வீட்டுக்கு நடுவே ஒரு 30-க்கு-40 சைட் கிடக்கிறது. அதில் பார்த்தீனியமும், குப்பையும், வீடு இடித்த கல்லும். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். அக்கம்பக்கத்தார் மாநகராட்சிக்கு எழுதிக்கொண்டே இருப்பார்கள். புல்தரை போடும் செலவும் பராமரிப்பும் அங்கே கட்டுப்படியாகாது. அங்கே வேண்டியது மூடுபயிர்: மண்ணை வெறுமையாக விடாமல் மூடி, களையை அமுக்கி, பூக்கும் பருவத்தில் அறுத்து அங்கேயே மக்கவிடும் பயிர். இது புதிய சரக்கன்று. பெங்களூரைச் சுற்றிய கேழ்வரகு வயல்களில் சில சால்களுக்கு ஒருமுறை அவரையையும் துவரையையும் ஊடே விதைப்பது இவ்வூர் உழவர்களின் நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டிலோ நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டையும் சணப்பையும் கொளுஞ்சியையும் விதைத்து மடக்கி உழுவதை நம்மில் பலர் ஊரில் பார்த்தே வளர்ந்திருக்கிறோம்.

ஆனால் ஊரில் செய்ததை நகரத்துச் சைட்டில் அப்படியே செய்துவிட முடியாது. தக்கைப்பூண்டும் சணப்பும் ஆளுயரம் வளர்ந்து, பாம்பு வரும் என்று பக்கத்து வீட்டார் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்வதில் பயனில்லை. ஆகவே தாழ்வாகப் படரும் காராமணியையும் கொள்ளையும் நான் சொல்வேன். ஜூன், ஜூலை மழைக்குக் காராமணி. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பருக்குள் கொள்ளு. கொள்ளு, கடைசி மழை நின்ற பிறகு மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே காலம் தள்ளிவிடும். 1,200 சதுர அடிக்கு எதுவானாலும் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ போதும்; களை மிகுந்த இடமென்றால் அடர்த்தியாகவே தூவுங்கள். மளிகைக் கடையில் வாங்கும் முழுப்பயறே பெரும்பாலும் முளைக்கும். ஆனாலும் ஈரத்துணிச் சோதனையைச் செய்துவிடுங்கள். இந்த மண்ணில் நுண்ணுயிர் இருக்கும் என்று முன்பு சொன்னேன். இருந்தாலும், வீடு கட்ட ஆழத் தோண்டிய அடிமண்ணைக் கொட்டி மேடாக்கிய சைட்டாக இருந்தால், பயறுக்கான ரைசோபியப் பொட்டலம் ஒன்றை வாங்கி, ஆறிய சோற்றுக் கஞ்சியில் குழைத்து, விதையைப் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுவது நல்லது.

விதைக்குமுன் பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்கியிருக்க வேண்டும். கையுறை அவசியம், பலருக்கு அது தோலில் அரிப்பையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும். சிமெண்டுக் கட்டிகளையும் அள்ளிவிட வேண்டும். அறுக்கும் நேரத்தில்தான் பலர் தயங்குகிறார்கள்: பூத்துவிட்டதே, காய்க்கட்டுமே என்று. காய் வேண்டுமென்றால் ஓரத்தில் நாலு செடியை விட்டுவையுங்கள். செடி காய்க்கத் தொடங்கினால் வேர் முடிச்சில் சேர்ந்த தழைச்சத்து விதைக்குப் போய்விடும். தண்டும் நார்பாய்ந்து மக்க மறுக்கும். 45 நாளிலிருந்து 60 நாளுக்குள், பூ எடுக்கும் வேளையில் அரிவாளால் தரையோடு அறுத்து அங்கேயே பரப்பிவிடுங்கள். வேரைப் பிடுங்க வேண்டாம்; அது மண்ணுக்குள்ளேயே மக்கி, மழைநீர் இறங்க வழி விட்டுவைக்கும். கான்கிரீட்டால் மூடிய ஒரு தெருவில், அந்த ஒரு மனையிலாவது மழை தரைக்குள் போகும்.

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் யாருடைய சைட்டிலும் இறங்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. சங்கத்தின் பெயரால் ஒரு கடிதம் எழுதி, இது வெறும் மூடுபயிர்தான், நிலத்தின்மேல் யாருக்கும் எந்த உரிமையும் வராது என்று உறுதி கொடுத்தால் பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு சம்மதிக்கிறார்கள். மனையைச் சுத்தம் செய்யச் சொல்லி மாநகராட்சி அனுப்பும் நோட்டீசிலிருந்து அவர்களும் தப்பிக்கிறார்களே.

தங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். தோட்டக்கலைப் பகுதியில் ஒரு செடியைப் பரிந்துரைக்கும்போது அது எத்தனை மீட்டர் உயரத்திலும் எவ்வளவு மழையிலும் வளரக்கூடியது என்பதையும் கூடவே அச்சிடுங்கள். ஊட்டிக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் ஒரே குறிப்பு பொருந்தாது. மற்றது, விதைக் கடையில் பயன்படும் கன்னடப் பெயர்களையும் சேர்த்துப் போடுங்கள். சிவாஜி நகரிலும் கே.ஆர். மார்க்கெட்டிலும் தமிழில் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். ஆனால் யெலஹங்கா, தேவனஹள்ளிப் பக்கம் போனால் அருகுக்குக் கரிகெ என்றும், கொள்ளுக்கு ஹுருளி என்றும், காராமணிக்கு அலசந்தெ என்றும், சணப்புக்குச் செணபு என்றும் கேட்க வேண்டும். ஜூன் மழைக்கு முன் அந்தப் பட்டியல் தங்கள் பக்கத்தில் வந்தால், எங்கள் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டிவிடுவேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகர்,
ஆர்.டி. நகர், பெங்களூர்.